மணிக்கட்டில் விரல்

எல்லை பிரித்ததில் திருத்தணி மதராஸோடு போய், சித்தூர் ஜில்லாக்காரர்களான நாங்கள் ஆந்திராவோடு நின்றுவிட்ட காலம். விற்பதற்கு முத்திரைத்தாள் வாங்க மாதாமாதம் சித்தூர் கஜானாவுக்குப் போவேன். வராந்தா பெஞ்சில் பென்ஷன் வாங்க வந்த ஒரு பெரியவர் இருப்பார். புத்தூரில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். எலும்பில் ஒட்டிய தோல், மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. வலக்கை விரல்கள் எப்போதும் இடக்கை மணிக்கட்டின் மேல்.

"நாடி பாக்கறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓடிக்கினு கீதான்னு பாக்கறேன் நைனா. இது நின்னா பென்ஷனும் நின்னுடும். இப்ப வந்த ரூல்ல, ஆம்பள செத்தா பொண்டாட்டிக்குக் குடுப்பாங்களாம். முன்னாடியே ரிடையரானவனுக்கு அது கெடையாதாம். அவ என்னாத்த துன்னுவா? அதான், சாவறதுக்கு எனக்கு இன்னும் லீவு சாங்ஷன் ஆவல."

விரலை எடுக்காமலே சிரித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் மனைவியும் கூட வந்திருந்தாள். அவர் சுவரில் சாய்ந்து கண்மூடியிருந்தார். அவருடைய மணிக்கட்டு அவள் கையில் இருந்தது. உள்ளேயிருந்து அவர் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டார்கள்.

"அம்மா, கூப்பிடறாங்க."

"இரு நைனா, இப்பகூட ஓடிக்கினுதான் இருந்துச்சி."

விரலைச் சற்று மேலே நகர்த்தினாள். பிறகு இன்னும் கொஞ்சம் மேலே.

இப்போதும் எங்காவது என் பெயரைக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கையில், என் விரல்கள் தாமாகவே மணிக்கட்டுக்குப் போகின்றன. எடுக்கப் பயமாக இருக்கிறது.