பன்னிரண்டடிக் கோடும் பாதி மாத்திரையும்

போன வாரம் என் முட்டை வேனின் பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு போட்டார்கள். பன்னிரண்டடி நீளம். இதில் எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? அந்தக் கோட்டுக்காக நான் நாலு மாதம் காத்திருந்தேன். தாமதத்துக்குப் பாதிக் காரணம் நான்தான்.

கோடு போட்டவன் குமரேசன். என் சித்தப்பா மகன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். ஸ்கேல் கிடையாது, டேப் கிடையாது... மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. லாரிக்காரர்கள் அவன் கைக்காகக் காத்திருப்பார்கள்.

நாலு வருடம் முன்பு அவன் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. சோற்றில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளினான். மனச்சிதைவு என்றார் சேலத்து டாக்டரம்மா. மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் குரல்கள் அடங்கின. மனைவி சுமதி கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்காதவன், "இன்னும் ரெண்டு இட்லி வை" என்றான். அந்த இட்லிக்கு அவள் அழுதாள்.

ரெண்டு இட்லி பிறகு ஆறானது. ஆறு ஒன்பதானது. பலன் தெரிந்ததும் இட்லியில்தான், பக்கவிளைவு தெரிந்ததும் இட்லியில்தான்!

இந்த வருடம் மறுபடி லேசாக முணுமுணுப்பு. டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினார். முணுமுணுப்பு போனது. கை நடுங்க ஆரம்பித்தது.

கோடு போடுகிறவனுக்குக் கை நடுங்கினால்? பட்டறை முதலாளி நல்ல மனிதர், வேலையை விட்டு அனுப்பவில்லை. ப்ரைமர் அடிக்கச் சொன்னார். என் வேன் கோடில்லாமலே ஓடியது. லாரிக்கு அலங்காரம் செய்தவன் அடிப்பூச்சுக்கு இறங்கினான். அந்த வலிக்கு மாத்திரை இல்லை.

இங்கேதான் நான் வருகிறேன். எனக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. எங்கள் பக்கம் கோழி வளர்ப்பவர்கள் எல்லோருமே பாதி டாக்டர். கோழிக்குச் சளியா? குடிதண்ணீரில் மருந்து, அஞ்சு நாள். ஆறாம் நாள் நிறுத்து.

"ஏப்பா குமரேசா, கோழிக்கே அஞ்சு நாளுதான். நீ நாலு வருசமா முழுங்கற. பாதியாக் கொறைச்சுப் பாரு."

"டாக்டரம்மாவைக் கேக்க வேண்டாங்களாண்ணா?"

"இந்தச் சின்ன விசயத்துக்கு அவங்களைத் தொந்தரவு பண்ணோணுமா?"

பத்து நாளில் நடுக்கம் குறைந்தது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். உற்சாகத்தில் அவன் மிச்சப் பாதியையும் விட்டுவிட்டான். அதற்கடுத்த வாரம் சுமதி போன் செய்தாள்.

"மாமா, நேத்துல இருந்து சோறு திங்க மாட்டேங்கறாருங்க. நான் வெசம் கலந்துட்டனாமா. நீங்கதானுங்களே ரோசனை சொன்னீங்க? நீங்களே வந்து ஊட்டி உடுங்க."

ஊட்டப் போனேன். என்னையும் உள்ளே விடவில்லை. நல்லவேளை, டாக்டரம்மா மேல் மட்டும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. மூன்று பேரும் சேலம் போனோம்.

"மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஏதாவது குரல் கேட்டுச்சா?" என்றார் டாக்டரம்மா.

"கேட்டுச்சுங்க."

பேனாவை எடுத்தார். "ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?"

"ஆம்பளைக் குரலுங்க."

"தெரிஞ்ச குரலா?"

"இதா, உக்காந்திருக்காருங்களே... எங்கண்ணன்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்.ங்க... அதுலயும் ரெண்டு அரியர்."

எனக்கும் ஒரு சீட்டு எழுதிவிடுவாரோ என்று பயந்தேன். எழுதவில்லை. "நோய் அடங்கியிருந்தது மாத்திரையால. அதை நீங்களா நிறுத்தினா திரும்பி வரும். கை நடுக்கத்துக்கு வழி இருக்கு. அளவை மாத்தலாம், வேற மருந்து பார்க்கலாம். ஆனா கை நடுங்குதுன்னு என்கிட்ட யாருமே சொல்லலையே?"

சொல்லவில்லைதான். ஒவ்வொரு முறையும் அவர் "எப்படி இருக்கீங்க?" என்பார். நாங்கள் மூவரும் கோரஸாக, "நல்லா இருக்கோங்க!" பெரியவர்களிடம் குறை சொல்லக் கூடாதில்லையா? வெளியே வந்து டீக்கடையில் ஒரு மணி நேரம் குறை சொல்வோம். டீ மாஸ்டருக்குத் தெரிந்த பக்கவிளைவெல்லாம் டாக்டருக்குத் தெரியாது.

இதே நான், கால்நடை டாக்டர் வந்தால் எப்படித் தெரியுமா? தீவனம் எத்தனை கிராம், தண்ணீர் எவ்வளவு, எச்சம் என்ன நிறம் - அரை மணி நேரம் ஒப்பிப்பேன். கோழிக்கு இருக்கும் மரியாதை தம்பிக்கு இல்லை.

மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி அனுப்பினார். திரும்பும் வழியில் சுமதி கேட்டாள். "உங்க கோழிக் கொட்டாயில தொங்குமுங்களே ஒரு சார்ட்டு, அதுல ஒன்னு குடுங்க மாமா."

கொடுத்தேன். கோழிகளின் தினக் கணக்கு எழுதும் சார்ட் அது. 'தீவனம்' கட்டத்தில் இட்லிக் கணக்கு. 'எடை' அப்படியே. 'முட்டை' என்பதை அடித்து, 'கை நடுக்கம்'. 'இறப்பு' என்ற கட்டத்தைப் பேனா கிழிக்கும் அளவுக்கு அடித்துவிட்டு, 'குரல்' என்று எழுதினாள். தினமும் நிரப்பினாள். அடுத்த முறை டாக்டரம்மா அந்தச் சார்ட்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, வேறு ஒரு மாத்திரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்.

குரல்கள் அடங்கின. சில வாரத்தில் நடுக்கமும் அநேகமாகப் போய்விட்டது. காலைத் தூக்கம் மிச்சம் இருக்கிறது. தொப்பையும்.

"தொப்பையைப் பத்தியும் சொல்லியிருக்கோமுங்கண்ணா. ராத்திரி இட்லியைக் கொறைச்சுட்டா சுமதி," என்றான் குமரேசன். "போகுதோ இல்லையோ... தொப்பையா கோடு போடுது?"

போன வாரம் மூச்சைப் பிடித்து என் வேனில் கோடு இழுத்தான். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. சுமதி சார்ட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

கோடு ஜம்மென்று இருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் லேசாக வளைந்திருக்கும். அது மாத்திரையின் பக்கவிளைவு அல்ல... அந்த நேரம் பார்த்து நான் பக்கத்தில் நின்று யோசனை சொன்னேன்.