கமலவேணியின் போல்ட்டு போட்ட கித்தார்

அந்த ஆயுத பூஜை அன்று கமலவேணியின் கித்தாரைக் கழுவியது நான்தான். பழியை அவள் ஏற்றுக்கொண்டாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. நாமக்கல்லில் லாரிக்காரர் நாச்சிமுத்து வீட்டுப் பின்கட்டில் நான், சென்னி, குடியிருந்தேன். கமலவேணி அவருடைய மனைவி. லாரிக்காரர் வீட்டில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிது. லாரிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, சக்கரத்திலிருந்து ஸ்டியரிங் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அரிவாள், உலக்கை, ஜாக்கி, ஸ்பானர் எல்லாம் குளித்துவிட்டுத்தான் சாமி முன்னால் உட்காரும். கமலவேணி பூ வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள். கூடத்துச் சுவரில் கித்தார் சாய்ந்திருந்தது. லாரிக்கே குளியல் உண்டு, இது மட்டும் அழுக்கோடு சாமி முன்னால் வரலாமா என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான் என் புத்தி. வாசலுக்கு எடுத்துப் போய், தலைமாட்டில் இருந்த முறுக்காணிகளைப் புளி போட்டு விளக்கினேன். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். வெயிலில் காயவைத்து, சந்தனத்தை அள்ளி அப்பினேன்.

சாயங்காலம் பார்த்தால், கம்பிகளை இழுத்துப் பிடித்திருந்த கட்டை பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தது கமலவேணியின் மாமியார் அத்தாயி. "எவ பண்ணுனது இது?" என்றார்.

என் பெயர் வந்தால் பொழுது விடிவதற்குள் என் பாத்திரம் பண்டமெல்லாம் தெருவில் இருக்கும். அந்த வீட்டில் அப்படி இரண்டு குடித்தனம் ஏற்கெனவே போயிருந்தது. கமலவேணி என் கையைப் பார்த்தாள். புளி விளக்கிய கை, விரலெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"நாந்தானுங்க அத்தை," என்றாள். "லாரிக்கு ஊத்துனாங்கள்ல, இதுக்கும் ஊத்துவோம்னு ஊத்திப்போட்டேன்."

மூன்று நாள் திட்டு வாங்கினாள். அதன்பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விளையாட்டாகக்கூடச் சொல்லிக் காட்டவில்லை.

அவள் வாழப்பாடிப் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடத்துக்கு என்னைவிட இரண்டு வருஷம் கூடப் போனவள். கித்தார் வந்தது எழுபத்தைந்தில். கல்கத்தாவுக்கு லோடு இறக்கப் போன நாச்சிமுத்து, ஒரு கடை வாசலில் தொங்கியதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். பழைய டயர் ஒன்றுக்குக் கொடுக்கிற பணம்கூட இல்லையாம். கடைக்காரன் ஜம்போ என்று சொன்னானாம். பேருக்கு ஏற்றபடி யானைக்குட்டி மாதிரிதான் இருந்தது. மற்ற கித்தாரெல்லாம் நான் பிறகு மேடைகளில் பார்த்தேன், இதற்கு முன்னால் அவை முறம்தான். வயிற்றில் இருந்த ஓட்டையின் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை. அதிலிருந்து ஒரு வயர். அதைக் கோயில் ரேடியோ செட்டில் சொருகினால் ஒலிபெருக்கிக் குழாயில் பேசும். சொருகாவிட்டாலும் அந்த வயிறு சும்மா இருக்காது, பின்கட்டில் படுத்திருக்கிற எனக்கு நெஞ்சில் வந்து தட்டும்.

நாச்சிமுத்து நாலு நாள் தடவிப் பார்த்தார். பூனை அழுகிற மாதிரி வந்தது. பரணில் போட்டுவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விட்டார். இறக்கி எடுத்தவள் கமலவேணி.

கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. கித்தாரோடு ஒரு தாள் வந்திருந்தது. எழுத்தெல்லாம் வங்காளம். ஆனால் படம் இருந்தது. மேலிருந்து கீழே ஆறு கோடு, குறுக்கே சில கோடு, நடுநடுவே புள்ளி. "அக்கா, இது நம்ம புள்ளிக்கோலம் தானுங்க," என்றாள் என்னிடம். "புள்ளி இருக்கற இடத்துல வெரலு. அவ்வளவுதான்." மறக்காமல் இருப்பதற்காகக் காலையில் வாசல் தெளித்து அந்தப் படத்தையே கோலமாகப் போட்டுவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து விரலை வைத்துப் பார்ப்பாள்.

"வாசல்ல போட்டிருக்கிறது கோலமாடி, ஜன்னல் கம்பியா?" என்பார் அத்தாயி. "மகாலட்சுமி வந்தா ஜெயிலுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிருவா."

"கம்பிக்குள்ள நொழைஞ்சு வருவாங்க அத்தை."

நாள் ஒரு கோலம். மூன்று கோலம் வந்ததும் அம்மன் பாட்டு முழுக்க அதில் அடங்கிவிட்டது. குள்ளமான பெண் அவள். கித்தாரை மடியில் வைத்தால் தாடை அதன் விளிம்பில் இடிக்கும். விரல் நுனியெல்லாம் காய்ப்பு ஏறி, சூடான தோசைக்கல்லைத் தொட்டாலும் சுடாது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் பாடுவோம். எழுபத்தேழில் அவள் கித்தாரோடு வந்து உட்கார்ந்தாள். அதுவரைக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பாடினவர்கள், அன்று ஒரே வழியில் போனோம்.

பெயர்ந்த கட்டைக்கு வருகிறேன். அதை அவள் லாரி பாடி கட்டுகிற பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். தச்சர் செங்கோடன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோந்து வச்சு ஒட்டியிருக்கிறானுங்க. இதெல்லாம் ஒரு வேலையா? கோந்துல நிக்கிற லாரி பாடி உண்டுங்களா?" என்றார். தமரைத் திருகி இரண்டு ஓட்டை போட்டார். இரண்டு போல்ட்டு, உள்ளே வாஷர், நட்டு. "இனி இதுமேல லாரி ஏறுனாலும் கித்தாரு ஒடையும், கட்டை கழலாதுங்க."

அத்தாயியின் மூக்குத்தி மாதிரி இரண்டு போல்ட்டுத் தலையும் பளபளத்துக்கொண்டிருந்தன. சத்தம் கொஞ்சம் மாறியது. என் காதுக்கு முன்னைவிடக் கூடியிருந்தது.

அடுத்த பங்குனியில் மாரியம்மன் திருவிழா வந்தது, எங்கள் பேச்சில் நோம்பி. கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். மூன்று கிளை பிரிந்த மரத்தை நட்டு, பதினைந்து நாள் வேப்பிலை கட்டி வைத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காலையில் பெண்கள் குடத்தோடு வந்து கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவோம். அது பெண்கள் இடம். இன்னொரு வழக்கமும் எங்கள் தெருவில் உண்டு. கம்பம் நிற்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்புப் பிரித்துத் தனிக்குடித்தனம் போகக் கூடாது, வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பக் கூடாது.

எட்டாம் நாள் மேடையில் எங்கள் பாட்டு. நோம்பியை முன்னின்று நடத்தியவர் நாச்சிமுத்துவின் அண்ணன் குழந்தைவேல். அதே வீட்டில் இருந்தவர், அந்த லாரியில் பாதிப் பங்கு அவருடையது. நல்லவர்தான், கோயிலுக்கு உழைப்பவர்தான். ஆனால் தான் சொல்வதை அம்மன் சொல்வதாகவே நினைப்பார்.

"பாட்டுப் பாடுங்க, வேண்டாங்கல," என்றார். "அந்தப் பொட்டி மேடை ஏறக்கூடாது. எங்க ஊட்டுப் பொம்பளை மடியில அதைய வச்சுக்கிட்டு ஊரு முன்னால உக்காந்தா நான் மொகத்த எங்க வச்சுக்குவேன்?"

"மொகம் இருக்கற எடத்துலயே இருக்கட்டுமுங்க மாமா," என்றாள் கமலவேணி. "நான் பாட்டுக்கு வாசிச்சுட்டு எறங்கிக்கறேன்."

"ஆத்தாளுக்கு இது ஆகாது."

"ஆத்தா உங்ககிட்டச் சொன்னாங்களா?"

நான் படிக்காதவள். ஆனால் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். மாரியாத்தாளுக்குக் கொட்டு ஆகும், குழாய் ஆகும், சினிமாப் பாட்டு ரிக்கார்டு ஆகும், ஒரு பெண் கையால் வருகிற சத்தம் மட்டும் ஆகாது என்று யார் கேட்டுவந்து சொன்னது?

விளக்கு வைக்கிற நேரம். மேடை ஏறினோம். ரேடியோ செட்டு மணியனுக்குப் பயம்தான், இருந்தாலும் வயரை வாங்கிச் சொருகினான். முதல் பாட்டு குழாயில் போய்க் கடைவீதி வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். இரண்டாவது பாட்டு ஆரம்பித்ததும் சத்தம் நின்றது. குழந்தைவேல் தானே வந்து வயரைப் பிடுங்கியிருந்தார். எங்கள் முன்னால் இருந்த மைக்கும் செத்துப்போனது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "யானை படுத்துக்கிச்சு," என்றான் ஒருவன்.

கூடப் பாடிய பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கமலவேணி எழுந்தாள். போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கித்தாரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினாள். கூட்டத்தின் நடுவே போய்ப் பெண்கள் உட்கார்ந்திருந்த மண்ணில் உட்கார்ந்தாள். விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். அந்த வயிறு அதற்குத்தான் அத்தனை பெரிதாகப் படைக்கப்பட்டதோ என்னவோ. நான்கைந்து வரிசை நன்றாகக் கேட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், அவர்களுக்கும் கேட்டது. அழுத பிள்ளைக்குப் பால் கொடுத்து அடக்கினார்கள். நாங்கள் ஏழு பேரும் இறங்கிப்போய் அவளைச் சுற்றி உட்கார்ந்து பாடினோம். குழாயில் பாடியதைவிட நன்றாகப் பாடினோம், பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குழந்தைவேல் கூடத்தில் நின்று சொன்னார். "ஒண்ணு அந்தப் பொட்டி வெளிய போகோணும். இல்லாட்டி அது எவ மடியில இருக்குதோ அவ போகோணும்."

கமலவேணி கித்தாரில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தாயி பல்லைக் கடித்தார். "தண்ணி ஊத்திக் கெடுத்தவதானே நீ? அன்னைக்கே அடுப்புல வச்சிருக்கோணும்."

என் வாய் தானாகத் திறந்தது. "கழுவுனது அவ இல்லீங்க. நானுங்க. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது."

அத்தாயி என்னைப் பார்த்தார். "தெரியும் போ சென்னி. புளி போட்டு முறுக்காணி வெளக்கற கிறுக்கு இந்த ஊட்டுல வேற யாருக்கு இருக்குது?" என்றார். மகன் பக்கம் திரும்பினார். "குழந்தை, கம்பம் நிக்கையில பொம்பளைய வெளிய போன்னு சொன்னா குடும்பம் வெளங்குமா? கம்பம் புடுங்கட்டும், அப்புறம் பேசு."

இன்னும் ஏழு நாள் இருந்தது. மறுநாள் காலை கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனோம். ஒரு இடுப்பில் குடம், மறுகையில் கித்தார் என்று கமலவேணி வந்தாள். தண்ணீரை ஊற்றிவிட்டு ஈரமண்ணிலேயே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். பெண்கள் இடம், வயர் கிடையாது, பிடுங்கவும் எதுவும் கிடையாது. ஏழு காலையும் வாசித்தாள். கடைசி இரண்டு நாள் அடுத்த தெருப் பெண்களும் குடத்தோடு வந்தார்கள்.

பதினான்காம் நாள் நாச்சிமுத்து லோடு முடிந்து வந்தார். அண்ணன் சொன்னதைக் கேட்டு அவளிடம் வந்தார். "ஒரு வருசம் பரண்ல போட்டு வையேன், கமலா. சூடு ஆறிரும்."

"ஏனுங்க, லாரி எடுத்துக்கிட்டு மாசத்துல இருவது நாள் போயிர்றீங்க. ஒரு நாளாவது வேண்டாம்னு சொல்லியிருக்கறனா?"

"இல்ல."

"இது ஊட்டை வுட்டு எங்கயும் போகலீங்க. என் மடியிலதான் இருக்குது. இதைய எதுக்கு நிறுத்தச் சொல்றீங்க?"

மறுநாள் காலை அவர் கம்பத்தடியில் கூட்டத்துக்குப் பின்னால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நான்கு பாட்டும் கேட்டார். போய் அண்ணனிடம், அவள் வாசிப்பாள், நாங்கள் தனியாகப் போய்விடுகிறோம் என்று சொல்லிவிட்டார். கம்பம் பிடுங்கிக் கிணற்றில் விட்ட மறுநாள் ராசிபுரத்துக்குக் குடிபோனார்கள். லாரி அண்ணனிடமே நின்றது. நாச்சிமுத்து இன்னொருவரிடம் சம்பளத்துக்கு ஓட்டினார். "வண்டி போச்சேன்னு வருத்தமில்லியா?" என்று கேட்டேன். "வருத்தம்தானுங்க அக்கா," என்றார். "ஆனா அவ வாசிக்கறதை அன்னைக்குத்தான் மொதல்ல நின்னு கேட்டேன். வாங்குனவன் நானு."

அதன்பிறகு ஆறு வருஷம், வெள்ளிக்கிழமைதோறும் கமலவேணி ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் கோயிலுக்கு வந்தாள். கண்டக்டர் கித்தாரை மேலே போடச் சொல்வார். "மேல போட்டா நானும் மேலதான் உக்காந்து வருவனுங்க," என்பாள். இரண்டாம் வருஷத்திலிருந்து அவர்களே முன்சீட்டு ஓரத்தை விட்டுவைத்தார்கள். குழந்தைவேல் எதிரே வந்தால் அவள்தான் முதலில் "நல்லா இருக்கீங்களா மாமா" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, கித்தாரோடு உள்ளே போவாள். அவர் கடைசி வரைக்கும் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, மறுபடி வந்து தடுக்கவும் இல்லை.

எண்பத்தைந்தில் நாச்சிமுத்து போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்கு டிரைவராக ராய்ப்பூர்ப் பக்கம் போனார். குடும்பத்தையும் கூட்டிப்போனார். இரண்டு வருஷத்தில் கமலவேணி மஞ்சள்காமாலையில் போய்விட்டாள் என்று அவரே வந்து சொல்லி அழுதார். கித்தாரை எங்கள் கோயிலில் கொண்டுவந்து வைத்தார். போல்ட்டு இரண்டும் துருப்பிடித்திருக்கிறது, கட்டை அசையவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் மட்டும் தொட்டு வைக்கிறேன், தண்ணீர் காட்டுவதில்லை. அங்காளம்மாள் என்று எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த ஒரு பெண் இப்போது மூன்று கோலமும் பழகிவிட்டாள்.

நான் கமலவேணியைக் கடைசியாகப் பார்த்தது அவர்கள் ராய்ப்பூருக்குக் கிளம்பிய அன்று, ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில். கட்டுச்சோறு கொண்டுபோயிருந்தேன். கித்தாரின் தலையில் ஒரு முழம் மல்லிகை சுற்றிவிட்டேன். நீ இல்லாமல் வெள்ளிக்கிழமை எப்படிப் பாடுவது, நோம்பிக்கு மேடை கொடுப்பார்களோ மாட்டார்களோ என்று நான்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். விரல் நுனி மரக்கட்டை மாதிரி இருந்தது.

"வயரைப் புடுங்குனாங்கன்னா எறங்கி மண்ணுல உக்காந்துக்குங்க, அக்கா," என்றாள். "பாட்டை மட்டும் நிறுத்தீராதீங்க."