மச்சான் விட்ட விரால்

என் மச்சானின் இடது காது மடலில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. அதைப் போட்டவன் நான். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். இப்போதெல்லாம் யாராவது கேட்டால், "மாப்ள போட்ட கடுக்கன்" என்று சொல்லிச் சிரிக்கிறார். அந்தக் காயம் படும்வரை அவர் வாயில் மாப்பிள்ளை என்ற சொல் வராது. சைகோனில் எங்கே தற்செயலாகப் பார்த்தாலும், "நல்லாருக்கீங்களா சார்" என்று கேட்டுவிட்டு எனக்குப் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்களை எண்ணுகிறவர் போல நிற்பார்.

நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். அவள் காரைக்காலில் கிறிஸ்தவக் குடும்பம், நான் மதுரைப் பக்கத்து இந்து. கல்யாணத்தன்று பேச்சை நிறுத்திய அவளுடைய அம்மா அதற்குப் பிறகு மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வியட்நாமில், சைகோனின் தூ டுக் பகுதியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். பின்னால் மச்சானும் கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்காக அதே நகரத்துக்கு வந்து, துறைமுகப் பக்கம் கான் ஹொய்யில் அறை எடுத்தார். ஆற்றுக்கு அந்தக் கரையில் அண்ணன், இந்தக் கரையில் தங்கை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏதாவது ஒரு காப்பிக் கடையில் அவளைப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரமாட்டார். வந்தால் அம்மாவிடம் அதை மறைக்க வேண்டியிருக்கும், அம்மாவிடம் பொய் சொல்லத் தன்னால் ஆகாது என்பது அவர் சொன்ன காரணம்.

எங்கள் பிரிவில் வேலை பார்த்த ஒரு வியட்நாமியப் பெண்ணுக்கு மீன்பிடிப்பில் பைத்தியம். அவள் போடும் தூண்டில் நாம் பார்த்த தூண்டில் இல்லை. மண்புழு கிடையாது, தக்கை கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. முள்ளின் மேல் இறகும் முடியும் கட்டிப் பூச்சி மாதிரியோ தவளை மாதிரியோ செய்து வைத்திருப்பாள். அதற்கு எடையே இருக்காது. ஆரஞ்சு நிறத்தில் தடிமனான ஒரு கயிறு இருக்கும். கம்பை முன்னும் பின்னும் ஆட்டி அந்தக் கயிற்றைத்தான் வீச வேண்டும், பூச்சி அதன் பின்னால் போய் விழும். ஒருநாள் மதிய இடைவேளையில் அவள் அதை வீசிக் காட்டினாள். கயிறு அவள் தலைக்கு மேலே பின்னோக்கி நீண்டு, ஒரு கணம் காற்றில் படுத்துக் கிடந்து, பிறகு தன்னைத்தானே சுருளவிழ்த்துக்கொண்டு முன்னால் போயிற்று. அதன் நுனியில் கட்டியிருந்த கம்பளித் துண்டு தரையில் சத்தமே இல்லாமல் இறங்கியது.

இதை வீட்டில் சொன்னேன். மனைவி உடனே அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். அரசலாற்றங்கரையில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுத் தூண்டில் போட்டு வளர்ந்தவர் அவர். என்னோடு பேச வரமாட்டார், மீனுக்காக வருவார் என்று அவளுக்குத் தெரியும். வந்தார். தொழிற்சாலையின் வண்டி நிறுத்துமிடத்தில் எங்கள் இருவருக்கும் பாடம் ஆரம்பமாயிற்று. நாங்கள் கையை வேகமாக ஆட்டும்போதெல்லாம் அந்தப் பெண், "தூ, தூ" என்பாள். மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னா சார் இது, இந்தப் பொண்ணு காறித் துப்புது?" என்று என்னிடம் முறையிட்டார். அவர்கள் மொழியில் அதற்கு மெதுவாக, அவசரப்படாமல் என்று பொருள் என்றேன். அதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் உண்மையான கேள்வி.

பல ஞாயிறுகள் இப்படிப் போயின. மச்சானின் தோளில் கப்பல் இரும்பைத் தூக்கும் பலம் இருந்தது. அந்தப் பலமே அவருக்கு எதிரியாயிற்று. கயிறு சாட்டை போல வெடித்து அவர் காலடியிலேயே குவிந்தது. எனக்கோ பின்பக்கம் கயிறு நீளும்வரை காத்திருக்கும் பொறுமை வரவில்லை. ஒருவர் சொதப்பும்போது இன்னொருவர் சிரிப்பை அடக்கிக்கொள்வார். அதற்கு மேல் பேச்சில்லை.

முதல் மழைக்குப் பிறகு ஒரு காலை, அந்தப் பெண் எங்களை ஊருக்கு வெளியே ஒரு வாய்க்காலுக்கு அழைத்துப் போனாள். இருபுறமும் தென்னை, பாதித் தண்ணீரை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. நான் பரபரப்பில் பின்னால் பார்க்காமலே வீசினேன். "யோவ்!" என்று ஒரு சத்தம். திரும்பினால், முடித் தவளை மச்சானின் காதில் தொங்குகிறது.

அந்தப் பெண் நிதானமாக ஒரு துண்டு நைலான் நரம்பை முள்ளின் வளைவில் மாட்டி என் கையில் கொடுத்தாள். தான் முள்ளை அழுத்திப் பிடித்துக்கொள்வதாகவும், நான் ஒரே வெட்டாக இழுக்க வேண்டும் என்றும் சொன்னாள். நான் அவருடைய தலையை முதன்முறையாகத் தொட்டேன். "யோசிக்காத சார், இழு" என்றார். இழுத்தேன். முள் வெளியே வந்தது. அவர் கைக்குட்டையைக் காதில் அழுத்திக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். எழுந்து கம்பைக் கையில் எடுத்தார்.

வலியினாலோ என்னவோ, அன்று அவர் கையில் வேகம் இல்லை. கயிறு பின்னால் போய் நீண்டது. காத்திருந்தார். பிறகு அது முன்னால் விரிந்து, ஆகாயத்தாமரை ஓரம் சிவப்பாகக் கொப்பளித்துக்கொண்டிருந்த ஓர் இடத்தில் தவளையை மெல்ல இறக்கியது. அந்தச் சிவப்பு என்னவென்று நாங்கள் யோசிப்பதற்குள் தண்ணீர் பிளந்தது. கம்பு அரைவட்டமாக வளைந்தது.

"மாப்ள! கொடிக்குள்ள பூந்துரும், கயித்தப் புடி! எறங்கு மாப்ள!"

செருப்போடு மார்பளவுத் தண்ணீரில் இறங்கினேன். எந்தச் சொல்லைச் சொல்லி என்னை அழைத்தார் என்பது தண்ணீருக்குள் நின்றபோதுதான் உறைத்தது. கயிறு என் உள்ளங்கையை அறுத்தபடி ஓடியது. கடைசியில் இரண்டு கையாலும் அள்ளிக் கரையோரம் கொண்டுவந்தேன். முழங்கை நீள விரால். கரும்பச்சை முதுகு, பாம்புத் தலை.

அப்போதுதான் அந்தச் சிவப்பைப் பார்த்தோம். விரல்நகம் அளவுக் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், மூச்சுக்காக மேலே வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. தாய் இல்லாத அந்த இடத்தில் சின்னச் சின்ன மீன்கள் பாய்ந்து அவற்றைத் தின்ன ஆரம்பித்திருந்தன. திடீரென்று கீழிருந்து இன்னொரு விரால் எழும்பி அவற்றை விரட்டியது. ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் புகுந்தன. ஒற்றையாக அது சுற்றிச் சுற்றி வந்தது.

மச்சான் அசையாமல் பார்த்தார். "ஊர்ல குஞ்சோட இருக்கறப்பதான் இதைப் புடிப்போம். சுளுவா மாட்டும். கரைக்கு வந்தப்புறம் தண்ணியைத் திரும்பிப் பாத்ததே இல்ல" என்றார். குனிந்து முள்ளைக் கழற்றினார். மீனின் வயிற்றுக்கடியில் கை கொடுத்து நீருக்குள் பிடித்துக்கொண்டார். செவுள் மெல்லத் திறந்து மூடியது. அது ஆழத்துக்கு ஓடி ஒளியும் என்று நான் எதிர்பார்த்தேன். எங்கள் கால்களைத் தாண்டி, நேராக அந்தச் சிவப்புக்குப் போயிற்று. சிதறிக் கிடந்த குஞ்சுகள் அதன் தலைக்கு மேல் வந்து கூடின. இரண்டு விரால்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு வட்டம் மெல்ல நகர்ந்து கொடிக்கடியில் போய் மறைந்தது. பெரிய கோயில்களிலும் பெரிய மலைகளிலும் நின்றிருக்கிறேன். என் உடம்பு அப்படிச் சிலிர்த்ததில்லை.

திரும்பும்போது மச்சான் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்தார். பாலம் வந்தது. அங்கே கான் ஹொய் பக்கம் திருப்புவதற்காக வேகத்தைக் குறைத்தேன்.

"நேரா போ" என்றார்.

கதவைத் திறந்த மனைவி, அண்ணனின் சட்டையிலிருந்த இரத்தத்தையும் சேறு வடியும் என்னையும் பார்த்து, நாங்கள் அடித்துக்கொண்டோம் என்றே நினைத்துவிட்டாள். அவர் உள்ளே வந்து, சமையலறையை எட்டிப் பார்த்தார், துணி காயும் பால்கனியைப் பார்த்தார். பிறகு தன் கைபேசியை எடுத்து ஊருக்கு வீடியோ அழைப்புப் போட்டார்.

"அம்மா, தங்கச்சி வீட்ல இருக்கேன்" என்றார். அவர் கைபேசியைத் தங்கை பக்கம் திருப்பி நீட்டினார். அவள் புடவை நுனியை வாயில் வைத்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள். யாரும் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு அம்மாவின் குரல், கொஞ்சம் கரகரத்து, வந்தது.

"வெளிச்சத்துல வந்து நில்லுடி. மூஞ்சியே தெரியல."