டைனமோவில் ஓடிய ஜாஸ்

நேற்று ஒரு ஜாஸ் பியானோ இசையைப் போனில் பாதி வேகத்துக்கு இறக்கி, சுரம் சுரமாகத் தேடினேன். போர்க்காலத்துக் குருநகர் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது கரண்ட் இல்லை. கவிழ்த்த சைக்கிளின் டைனமோவில்தான் கசெட் பாடும். அக்கா பெடலைச் சுற்றும் வேகத்தில்தான் பாட்டும் ஓடும்; வாய்ப்பாடே பிடிபடாத நான் ஆர்மோனியத்தில் ஜாஸ் பிடிப்பேன்.

"மெல்லமாச் சுத்தணை அக்கா!"

ஒருநாள் ஷெல் குண்டு கூவியது. அக்கா முற்றத்துப் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள் பாய்ந்தாள். சிக்காத ஒரேயொரு சுரத்துக்காக நான் பெடலைச் சுற்றியபடி நின்றேன். அப்பா ஓடிவந்து தலைமயிரைப் பிடித்திழுத்து, முதுகில் இரண்டு போட்டு, என்னைப் பங்கருக்குள் எறிந்தார். அவர் குதிக்குமுன் முற்றம் வெடித்தது.

ஆஸ்பத்திரியில், என்னை எறிந்த வலக்கை இல்லாமல் கிடந்த அப்பா கண் திறந்தார்.

"சனியனே, அந்தச் சுரத்தைப் பிடிச்சியோ?"

"இல்லையப்பா."

"பிடிக்காமல் விட்டியெண்டால், மற்றக் கையாலை அடிப்பன்."