விளக்கு வைத்த படம்

எங்கள் அப்பா உயிரோடு இருக்கும்போதே அவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றியாகிவிட்டது. கோவில்பட்டியில், ஒரு கல்யாண மண்டபத்தில், நாலு பேர் பார்க்க நடந்த காரியம் அது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மண்டபம் என்றால் பந்தி இருக்கும், பந்தி என்றால் அப்பளம் இருக்கும் என்று நம்பிக் கிளம்பியவள்.

அக்கா ஓவியக் கல்லூரியில் முதல் வருடம் முடித்திருந்தாள். அவளை அங்கே அனுப்பியதில் அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. குளத்தூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளையை மனதுக்குள் முடிந்து வைத்திருந்தாள். அப்பாதான், "ஒரு வருசம் படிக்கட்டும், பெறகு பாப்போம்" என்று பஸ் ஏற்றிவிட்டார். அந்த ஒரு வருடம் முடிந்து, 'பிறகு' வாசலில் வந்து நின்றிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நம் வட்டாரப் பிள்ளைகள் கதைகளுக்கு வரைந்த படங்களை வைத்துக் கண்காட்சி நடத்துகிறோம் என்று கோவில்பட்டியில் சிலர் கிளம்பினார்கள். அக்காவின் படத்தையும் எடுத்துக்கொண்டார்கள். தன் படத்தை நாலு பேர் நின்று பார்ப்பதை அம்மா ஒரு தடவை கண்டுவிட்டால் போதும், மனம் இளகிவிடும், இரண்டாம் வருடமும் கல்லூரிக்குப் போய்விடலாம் என்பது அக்காவின் கணக்கு. என்ன படம் என்று மட்டும் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. எங்கே மாட்டியிருப்பார்கள் என்பது அவளுக்கே தெரியாது. முன்னாலேயே ஒரு சிநேகிதியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

அப்பா வெளியே யாரிடமோ மக்காச்சோளத்தில் விழுந்த புழுவைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றுவிட்டார். நாங்கள் மூவரும் உள்ளே போனோம். நுழைந்ததும் எதிர்ச் சுவரில், பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் அப்பா படுத்திருந்தார். மழைக்குக் காத்திருந்து காத்திருந்து அசந்துபோகும் சம்சாரியின் கதை ஒன்றுக்கு, புஞ்சையில் வேப்பமரத்தடியில் மத்தியானம் தூங்கும் அப்பாவைத்தான் அக்கா வரைந்திருந்தாள். மூடிய கண், நெஞ்சின் மேல் கோத்த கைகள், கால் வெடிப்பு வரைக்கும் அச்சு அசல் அப்பா. இருந்ததிலேயே பெரிய படம் அதுதான் என்பதால் நடுவில் மாட்டியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு ஏற்றிய குத்துவிளக்கு, மல்லிகைச் சரம் சுற்றி, சரியாக அதன் கீழே எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் வட்டாரத்து வீடுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய் விளக்கும் பூவும் வாங்குகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

படத்தின் முன்னால் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். கழுகுமலையில் இருக்கும் எங்கள் தூரத்துச் சித்தப்பா. மகன் வரைந்த படத்தைப் பார்க்க வந்தவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர் அக்காவைக் கண்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி எப்பம்மா தவறுனாவ? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிவிடலையே!"

அதற்குள் அக்காவுக்குப் பின்னால் நின்ற அம்மாவின் நெற்றிப் பொட்டு அவர் கண்ணில் பட்டுவிட்டது. பாவம், பேய் அறைந்தது போல ஆகிவிட்டார். அந்த நேரம் பார்த்து அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "உசுரோட இருக்க மனுசன் முன்னால வெளக்கேத்திட்டியேட்டி!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "வெளக்கு வச்சது இத நடத்துறவிய, அம்மா, எனக்குத் தெரியாது" என்று அக்கா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அப்பா மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான வரஞ்சிருக்கா" என்றார். அதை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்த வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடந்த காலம் அது. மற்ற வீடுகளில் கொசுவால் வந்தது. எங்கள் வீட்டில் படத்தால் வந்தது. அம்மா சோறு தண்ணி இல்லாமல் சாமி அறையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா இரவு பகலாக அப்பாவுக்கு ஈரத்துணி மாற்றினாள். காய்ச்சல் விட்ட அன்று, கஞ்சி கொடுத்துக்கொண்டே, "நான் இனிமே படிக்கப் போகலப்பா" என்றாள். போகாமல் எப்படி என்று அவர் அதட்டுவார் என்று எதிர்பார்த்திருப்பாள். அவர் கஞ்சியைக் குடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கல்லூரி திறந்தது. அக்கா போகவில்லை. எனக்கானால் ஒரே கொண்டாட்டம். என் அறிவியல் நோட்டுக்கு அவள்தான் படம் போட்டுத் தந்தாள். செம்பருத்திப் பூவின் மகரந்தத் தாள்களை ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து வரைந்தாள். டீச்சர் என் நோட்டை வகுப்பு முழுவதும் காட்டினார். வெண்டைக்காய் விதைக்குக்கூட நிழல் போட்டுக் கொடுத்தவள் அவள்.

தை மாதம் அவளுக்குக் குளத்தூரில் கல்யாணம். அதுவரைக்கும் ஒவ்வொரு படத்தை முடித்ததும் பென்சிலைக் கீழே வைக்காமல் என்னிடம் கேட்பாள்.

"ஏட்டி, வேற படம் ஏதும் இருக்கா?"

வேலை மிச்சமிருக்கிறதோ என்று சலித்துக் கேட்கிறாள் என்றுதான் நினைப்பேன். அவளுக்கு நல்ல சேதி சொல்கிற சந்தோஷத்தில், "இல்லக்கா, எல்லாம் முடிஞ்சிட்டு!" என்று கத்திவிட்டு விளையாட ஓடுவேன்.