கல்லுக்கு மாலை போடச் சொன்ன அம்மா

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. ஐந்தாம் வகுப்போடு லேத் பட்டறைக்குப் போனவன் நான். எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பிறந்தது கோபிசெட்டிபாளையம் பக்கம், நெல்லும் வாழையும் விளைகிற வாய்க்கால் ஊர். சரவணம்பட்டியைத் தாண்டி வானம் பார்த்த எங்கள் மேட்டாங்காட்டு ஊருக்கு மருமகளாக வந்தபோது குடிதண்ணீருக்கே வெகுதூரம் நடந்தாராம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா பஞ்சு மில்லில் ஷிப்டு வேலை பார்த்து என்னையும் தம்பியையும் வளர்த்தார். கடுஞ்சொல் பேசத் தெரியாதவர். கைக்குழந்தையைக்கூட "வாங்க சாமி" என்றுதான் தூக்குவார்.

தம்பி பட்டாளத்தில் சேர்ந்தான். எல்லையில், பனிச்சரிவில் போய்விட்டான். மறு வருடம் ஊரார் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அவன் பெயர் பொறித்த கல் நட்டு, வீரவணக்கக் கூட்டம் வைத்தார்கள். அம்மாவை நான்தான் கூட்டிப்போனேன்.

கல்லுக்குப் பக்கத்தில் பெரிய பிளக்ஸ் பேனர். அதில் இருந்தது என் முகம். தம்பி ஒரு லீவில் வந்தபோது தன் சீருடையை எனக்கு மாட்டிவிட்டு விளையாட்டாக எடுத்த படம். எங்கள் இருவருக்கும் ஒரே முகவெட்டு. பேனர் அடித்த இளைஞர்கள் யாருடைய செல்போனிலிருந்தோ வாங்கிப் போட்டுவிட்டார்கள். கீழே குத்துவிளக்கு எரிந்தது. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் மாலையோடு எழுந்தார்.

பேனரைப் பார்த்த அம்மா எழப்போனார். அத்தனை கூட்டத்தில் அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். "உட்டுருங்கம்மா, முடிஞ்சதும் சொல்லிக்கலாம்" என்றேன்.

"உசுரோட இருக்கறவன் படத்துக்கு மாலை போடுவாங்க, நான் பாத்துட்டு உக்காந்திருக்கோணுமா? ஒருத்தனக் குடுத்தது பத்தாதா கண்ணு?" என்று எழுந்து நேராகப் போனார்.

"ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க. இந்தப் படத்துல இருக்கறது என்ற மூத்த மகனுங்க. அதா, செவுத்தோரமா நிக்கறானுங்க."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதிகாரி மாலையோடு அப்படியே நின்றார். தையல்கடை மாமா, "நான் அப்பவே பாத்தனுங்க, காது பெரியவனாட்டமே இருக்குதேன்னு" என்றார்.

"பாத்தவுங்க அப்பவே சொல்லோணுமுங்க மாமா" என்றார் அம்மா. கூட்டம் சிரித்துவிட்டது.

பேனர் அடித்தவர்கள் கலங்கிப்போய் வந்தார்கள். அம்மா அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "உடுங்க கண்ணு. பெத்த நானே இருட்டுக்குள்ள பேர மாத்திக் கூப்புட்டிருக்கறேன்."

பேனரை அவிழ்த்துச் சுருட்டினார்கள். "படம் இல்லாமல் எப்படியம்மா?" என்று அதிகாரி தயங்கினார்.

"கல்லுல அவன் பேரு இருக்குதல்லங்க. அதுக்குப் போடுங்க."

அவர் தம்பியின் பெயரை உரக்கச் சொல்லி, கல்லுக்கு மாலையிட்டு சல்யூட் அடித்தார். அதன்பிறகு அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எந்த வரி தம்பியின் பெயர் என்று கேட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அங்கே அழவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அழுதார். "எனக்கு நீதான் கொள்ளி வெக்கோணும். உன்ற சாவ நான் பாக்கற மாதிரி ஆயிரக் கூடாது. சாமிகிட்ட வேற ஒண்ணும் கேக்கறதில்ல" என்றார். அதற்குப் பிறகு நான் இருமினாலும் பட்டறைக்கே வந்து பார்த்துவிட்டுப் போவார்.

கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்த அம்மாவை, என் மனைவி தன் தாயைப் போல் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்சம்மாவுக்கும், காரியம் முடியும்வரை உடனிருந்த ஊராருக்கும், பட்டறை நண்பர்களுக்கும், கோபியிலிருந்து வந்து நின்ற தாய்மாமன் வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அம்மா கேட்ட ஒன்று நடந்தது. மயானத்தில் நான் கொள்ளி வைத்தேன். எனக்கு அழுகை வந்தது.