மதாம் காருக்கு ஆக்ட் பாலிசி

1. நான்காவது ஆபீஸ்

மோட்டார் செக்‌ஷனில் என்னைப் போட்ட அன்று எங்கள் இன்சூரன்ஸ் ஆபீசே சிரித்தது. கார் கிடக்கட்டும், எனக்கு சைக்கிளே விடத் தெரியாது. "டாரிஃப் புஸ்தகம் படிக்கத் தெரியுமில்ல, அது போதும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எழுபதுகளின் கடைசி அது. புதுச்சேரிக் கிளையில் மோட்டார் பக்கம் உட்கார்ந்த முதல் பெண் நான். லாரி ஓனர்கள் என் மேசைக்கு வந்து, "சார் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். நான்தான் சார் என்பேன். நம்பாமல் வெளியே போய் ஒரு பீடி குடித்துவிட்டு மறுபடி எட்டிப் பார்ப்பார்கள்.

மதியம் ஆண்கள் எல்லாம் ரெக்கார்ட் ரூமில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்துகொள்வேன். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் திருச்சியில். நான் முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் இருந்தேன். ஆபீசில் பேசுவது வேலைப் பேச்சு, அறையில் பேச ஆளில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பால்காரரிடம் சொன்ன இரண்டு வார்த்தையோடு நாள் முடிந்துவிடும். புலம்பவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

அப்படி இருந்தபோது ஒரு மத்தியானம் மதாம் மரி படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கவுன், கையில் குடை, வெயிலில் சிவந்துபோன முகம். காரைக்கால் அப்பாவுக்கும் வியட்நாம் அம்மாவுக்கும் சைகோனில் பிறந்தவர். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புதுச்சேரி உப்பளத்துக்காரர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். ரிட்டயராகி பிரான்சிலிருந்து காரோடும் மனைவியோடும் சொந்த ஊருக்கு வந்தார். வந்த எட்டாம் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. புருஷனுக்குத்தான் அது சொந்த ஊர். மதாமுக்கு அது மூன்றாவது தேசம், அதில் ஓர் ஆளையும் தெரியாது.

காரை மதாம் பெயருக்கு மாற்றியாகிவிட்டது, இன்சூரன்ஸ் வேண்டும் என்றார். ஃபாரின் காருக்கு லோடிங் என்கிற கூடுதல் கட்டணமும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் சொன்னேன். மதாம் குடையை மேசை மேல் வைத்தார்.

"நாலு ஆபீஸ் ஏறிட்டேன். நாலு பேரும் ஒரே வெல. எம் புருஷன் தம்பி எல்லாத்துக்கும் போன் போட்டானா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பிரான்சில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு விலை சொல்லுமாம். நாலு இடம் ஏறி இறங்கி, எது மலிவோ அதைப் பிடிப்பார்களாம். இங்கே கவர்ன்மென்ட் எல்லாக் கம்பெனியையும் எடுத்து நாலாக ஆக்கியிருந்தது. போர்டு நாலு, விலை அச்சடித்த டாரிஃப் புத்தகம் ஒன்று. ரேஷன் கடை மாற்றி ரேஷன் கடை ஏறி எங்கே சர்க்கரை மலிவு என்று கேட்ட மாதிரி, அந்த அம்மாள் காலையிலிருந்து வெயிலில் அலைந்திருக்கிறார். கொழுந்தனுக்குக் கார் மேல் ஒரு கண். பொம்பளைக்கு எதுக்குக் காரு என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதனால் ஊரே சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறது என்று மதாம் முடிவு கட்டியிருந்தார்.

டாரிஃப் புத்தகத்தையே திருப்பி அவர் பக்கம் வைத்தேன். இங்கிலீஷ் அவருக்கு வராது. ஆனால் எண்கள் எந்த பாஷையிலும் எண்கள்தானே. விரல் வைத்துப் பார்த்தார், நம்பினார். நம்பியதும் முகம் இன்னும் வாடிவிட்டது. ஏமாற்று என்றால் சண்டை போடலாம், இதற்கு யாரோடு சண்டை போடுவது?

2. ஆளு அடிபட்டா

அந்தப் பணம் அவரிடம் இல்லை. புருஷனின் பென்ஷன் இவர் பெயருக்கு மாறவில்லை. காகிதங்கள் கான்சலேட்டுக்கும் பாரிசுக்கும் நடந்துகொண்டிருந்தன. அப்படியானால் காரை விற்றுவிடலாமே என்றேன். குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைக்குப் போனா சிரிக்கிறாங்க. கோயிலுக்குப் போனா தள்ளி ஒக்காந்துக்கிறாங்க. காருல ஏறினா மட்டும் யாரையும் கேக்காம போறேன், வர்றேன். அதையும் விக்கச் சொல்றியா மதுமுவசேல்?"

என்னை அதுவரை யாரும் மதுமுவசேல் என்று கூப்பிட்டதில்லை. கல்யாணமாகாத பெண்ணை அப்படி மரியாதையாகச் சொல்வார்களாம். எங்கள் ஆபீசில் அதற்கு வேறு வார்த்தைகள் வைத்திருந்தார்கள்.

அவர் கேட்டது 'தூ ரிஸ்க்', அதாவது எல்லா ஆபத்துக்கும் ஈடு. நம் ஊர்க் காம்ப்ரிஹென்சிவ். அதற்குத்தான் அவ்வளவு பணம். சட்டப்படி ரோட்டில் ஓட அது தேவையில்லை, ஆக்ட் ஒன்லி போதும். நம் கார் மோதி வெளியாளுக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் ஈடு. பிரீமியம் கொஞ்சம்தான். ஏஜென்ட்டுகள் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள், கமிஷன் சொற்பம். நான் சொன்னேன்.

"காரு அடிபட்டா?" என்று கேட்டார்.

"உங்க காசு மதாம்."

"ஆளு அடிபட்டா?"

"கம்பெனி காசு."

"அது போதும்," என்றார். "காரு கெடக்குது. நம்மளால ஒருத்தங்க கெட்டுப் போவக் கூடாது."

சேசிஸ் நம்பர் எடுக்க நானே கீழே இறங்கிப் போனேன். நம்பர் பொறித்த தகட்டின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண்கள் எழும்பும். ஃபாரின் காரில் அந்தத் தகடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் பானெட்டுக்குள் தலையை விட்டுத் தேடினோம். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டு பேர் கையிலும் கிரீஸ். அன்றைக்குத்தான் ரொம்ப நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

3. பாலிசி சரியாத்தானே இருக்குது

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் மதாம் வருவார். "பாலிசி சரியாத்தானே இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். பாலிசிக்கு என்ன கேடு, ஆபீஸ் பீரோவில் தூங்குகிறது. சரியாக இருக்கிறது என்று நானும் ஒவ்வொரு வாரமும் ஒழுங்காகப் பதில் சொல்வேன்.

சைகோன் மார்க்கெட்டைப் பற்றிச் சொல்வார். புருஷனைப் பற்றிச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குப் போய் அந்த வாரத்துச் செய்தியெல்லாம் புருஷனிடம் சொல்லிவிட்டு வருவாராம். "கேக்கறாரோ இல்லியோ, குறுக்க பேசறதில்ல," என்பார். நான் லாரி ஓனர்களைப் பற்றிச் சொல்வேன். டிபன் பாக்ஸைப் பாதிப் பாதி சாப்பிடுவோம். ரெக்கார்ட் ரூமிலிருந்து எட்டிப் பார்த்துக் கேலி பேசுவார்கள், பேசட்டும். வாரத்தில் ஒரு நாள் நான் ஒரு மனுஷியாக இருந்தேன்.

பாலிசி வருஷம் முடியும் சமயத்தில் அண்ணிக்குப் பிரசவம் என்று திருச்சியிலிருந்து தந்தி வந்தது. ஆள் வேண்டும் என்றால்தான் அங்கே என் நினைவு வரும். லீவு போட்டுப் போனேன். போகும் முன் மதாமுடைய ரின்யூவல் நோட்டீசைத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் போனேன்.

4. நிறுத்தச் சொல்லி எழுதலையே

திரும்பி வந்த திங்கட்கிழமை காலை என் மேசைக்கு எதிரே மதாம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எங்கள் கிளை ஏஜென்ட் கோதண்டம். மதாம் கண் வீங்கியிருந்தது.

சனிக்கிழமை மார்க்கெட் பக்கம் திரும்பும்போது, கூடையோடு குறுக்கே வந்த மீன்காரப் பெண்ணைக் கார் தட்டிவிட்டது. அஞ்சலை என்று பேர், வைத்திக்குப்பம். தொடை எலும்பு முறிந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வீட்டில் அவள் சம்பாத்தியத்தில்தான் அடுப்பெரிகிறது. நான் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். வியாழக்கிழமை நள்ளிரவோடு முடிந்திருந்தது.

மதாமுக்கு நான் சொல்வது புரியவேயில்லை. கைப்பையிலிருந்து எங்கள் ரின்யூவல் நோட்டீசை எடுத்தார். மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

"நீங்களே காயிதம் அனுப்பிச்சீங்க. நான் நிறுத்தச் சொல்லி எழுதலையே. அப்பறம் எப்படி நின்னு போகும்?"

பிரான்சில் அப்படித்தானாம். வேண்டாம் என்று முன்கூட்டி ரிஜிஸ்டர் தபால் போட்டால்தான் பாலிசி நிற்கும். போடாவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். நோட்டீஸ் வந்தால் பாலிசி ஓடுகிறது என்று அர்த்தம், பணம் பிறகு கட்டிக்கொள்ளலாம். எங்கள் நோட்டீசைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் நிம்மதியாக இருந்திருக்கிறார். இங்கே பணம் கட்டாத பாலிசி கடைசித் தேதியோடு செத்துப்போகும் என்பது எங்களுக்குக் காற்று மாதிரி பழகிய விஷயம். அதை ஒருவருக்கு வாயால் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

கோதண்டம் குனிந்து மெதுவாகப் பேசினார். ஏஜென்ட்டுகளிடம் கவர் நோட் புத்தகம் இருக்கும். பாலிசி தயாராகும் வரை செல்லுகிற தற்காலிகச் சீட்டு அது. கெட்டிக்கார ஏஜென்ட் அதில் நடுவே ஒரு தாளை எழுதாமல் விட்டு வைப்பார்.

"ஒரு தாளு காலியா இருக்குதும்மா. போன வாரத் தேதி போட்டா முடிஞ்சுது. மீன்காரம்மாவுக்கும் துட்டு வரும், மதாமும் பொழச்சுக்கும். யாருக்கு நஷ்டம்?"

கோதண்டம் கெட்டவர் இல்லை. இதற்கு ஒரு பைசா வாங்க மாட்டார் என்றும் எனக்குத் தெரியும். மேனேஜர், நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் நல்லவர், பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருந்தது.

"இவன் இன்னா சொல்றான்?" என்று மதாம் கேட்டார்.

சொன்னேன்.

"செஞ்சா ஒனக்கு இன்னா ஆகும்?"

"கண்டுபுடிச்சா வேலை போயிடும் மதாம்."

வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

எனக்கென்று அந்த ஊரில் இருந்தவை இரண்டு: இந்த வேலையும் இந்த மதாமும். பொய்த் தேதிக்கு நான் இனிஷியல் போட்டால், அடுத்த வாரம் கோதண்டம் இன்னொரு தாளோடு வருவார். அன்றைக்கு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் இருக்காது. அந்த மேசையில் அதற்கு மேல் நான் யார்? இவ்வளவும் அந்த ஒரு நிமிஷத்தில் தோன்றியது. பயமும் இருந்தது, ஒளிப்பானேன்.

"என்னால முடியாது மதாம்," என்றேன்.

சரி என்று தலையாட்டினார். நோட்டீசைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிப் போனார்.

5. நாற்காலி

காரை ஒரு காரைக்கால்காரருக்கு விற்றுவிட்டார் என்று பியூன் சொன்னான். அந்தப் பணம் அஞ்சலையின் வைத்தியத்துக்கும் அவள் வீட்டு அரிசிக்கும் போனது. அந்த வாரமே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதாம் கட்டில் ஓரம் உட்கார்ந்து அஞ்சலைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் குப்பத்துப் பெண்கள். சொல்தா பொண்டாட்டிக்கு இன்னா பொறுமை என்று ஒருத்தி கேலி செய்ய, மதாம் அவளைக் கரண்டியைக் காட்டி அதட்டினார். அதற்குள் யாரோ, இன்சூரன்ஸ் ஆபீசு என்று என்னைக் காட்டிச் சொன்னார்கள். பேச்சு நின்றுவிட்டது. பாட்டிலை வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமைகள் வந்தன. எதிர் நாற்காலியில் லாரி ஓனர்கள் உட்கார்ந்தார்கள். நான் செய்தது சரி. அது சரி என்பதை நினைத்துக்கொண்டே தனியாகச் சாப்பிட்டேன். சரியாக இருப்பது துணைக்கு வராது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

செக்‌ஷனுக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வெளிதேசத்திலிருந்து வந்தவர் பாலிசி கேட்டால், விலையைச் சொல்லும் முன், இது தானாக நின்றுவிடும் என்று வாயால் சொல்லுங்கள். நோட்டீஸ் அனுப்பியதோடு உங்கள் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். அந்தக் காகிதத்தை அவர் எந்த ஊர்க் கண்ணால் படிக்கிறார் என்று கேளுங்கள். பழைய தேதியில் மட்டும் எதையும் எழுதாதீர்கள், கேட்பது யாராக இருந்தாலும். ஆபீஸ் எனக்குக் கற்றுக் கொடுத்தது இவ்வளவுதான்.

ஆபீசுக்கு வெளியே கற்றது ஒன்று உண்டு. ஆறேழு மாதம் கழித்து மார்க்கெட்டில் மதாமைப் பார்த்தேன். அஞ்சலை முக்காலியில் உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தாள், மதாம் பக்கத்தில் நின்று கூட்டத்தை அதட்டிக்கொண்டிருந்தார். குப்பத்துத் தமிழ் நன்றாக ஓடியது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏன் மதாம் நீங்கள் வருவதே இல்லை என்று கேட்டுவிட்டேன்.

"ஆபீசுக்கா? எனக்குத்தான் காரு இல்லியே, அங்க வந்து இன்னா செய்யறது?" என்றார். பிறகு என் தோளைத் தொட்டு, "ஒரு வருஷம் வந்தேன். ஒரு நாளாச்சும் வூட்டுக்கு வான்னு கூப்புட்டியா நீ?"

உண்மைதான். தோன்றியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் மதாம் என்றேன்.

வருகிறேன், எப்படி வருவது என்று வழி கேட்டார். முத்தியால்பேட்டை என்றேன். அதற்கு மேல் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எதை அடையாளமாகச் சொல்வது என்று எனக்கு வரவில்லை. ஐந்து வருஷமாக அந்த அறையில் இருந்தேன். அதுவரை யாரும் வழி கேட்டதில்லை.